ஊருக்குத் திரும்பிப் போனால் பையனுக்கு வீசிங் நிற்குமா?

பிறகு படிக்க வருபவர்களுக்காகக் கேள்வியை முதலில் சுருக்கி எழுதிவிடுகிறேன். தென்காசிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து மூன்று வருடத்துக்கு முன்னால் சென்னைக்குக் குடிவந்த குடும்பம். பஸ், லாரி எல்லாம் போகிற ரோட்டை ஒட்டி முதல் மாடியில் வாடகை வீடு. ஊரில் இருந்தவரை ஒரு தொந்தரவும் இல்லாத பையனுக்கு இப்போது ஏழு வயது. இரண்டு வருடமாக வீசிங். அலர்ஜி டெஸ்ட்டில் டஸ்ட் மைட் என்கிற தூசுப்பூச்சிக்கும் கரப்பானுக்கும் பாசிட்டிவ். "எல்லாம் இந்த மெட்ராஸ் காத்தாலதான்" என்கிறார் கணவர். "உங்க அப்பாவுக்கு இருந்த இழுப்புதானே" என்கிறார் மாமியார். நீங்கள் கேட்டிருப்பது ஒரே வரி: காற்று மாசால் ஆஸ்துமா வருமா?

அந்த ஒரு வரிக்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. ஏற்கெனவே ஆஸ்துமா உள்ள குழந்தைக்குப் புகை பட்டால் இழுப்பு கூடுமா என்பது ஒன்று. ஒன்றுமே இல்லாத குழந்தைக்குப் புகையே ஆஸ்துமாவை உண்டாக்குமா என்பது இரண்டாவது. தூசுப்பூச்சி அலர்ஜியையும் இந்தப் புகைதான் கொண்டுவந்ததா என்பது மூன்றாவது. முதலாவதற்கு நெஞ்சில் கை வைத்துப் பதில் சொல்லலாம். இரண்டாவதற்குப் பெரும்பாலும் சொல்லலாம். மூன்றாவதில் மருத்துவ உலகமே ஒருமுறை முகம் குப்புற விழுந்து எழுந்திருக்கிறது. நீங்கள் எழுதாமல் விட்ட நாலாவது கேள்வி ஒன்றும் எனக்குக் கேட்கிறது: நாங்கள் இங்கே வந்ததுதான் தப்பா, வேலையை விட்டுவிட்டு ஊருக்கே போய்விடலாமா? கடைசியில் அதற்கும் வருகிறேன். நான் நெஞ்சக நோய் மருத்துவர். அரசு மருத்துவமனையிலும் வெளியிலுமாக இருபது வருடத்துக்கு மேல் ஆஸ்துமா பார்த்து வருகிறேன். உங்கள் பையனை நான் பார்க்கவில்லை. அவனுக்கு மருந்து எழுதியிருக்கும் டாக்டர் சொல்வதை இந்தப் பதிலை வைத்து மாற்ற வேண்டாம்.

ஆஸ்துமாவில் மூச்சுக்குழாயின் உள்தோல் எப்போதும் கொஞ்சம் கோபத்தில் இருக்கும். காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை, பையன் விளையாடிக்கொண்டிருக்கிறான் என்றாலும் உள்ளே அந்த வீக்கம் இருக்கும். மேலே எதுவாவது பட்டால் குழாயைச் சுற்றியுள்ள தசை இறுகும், சளி சுரக்கும், காற்று வெளியே போக முடியாமல் விசில் அடிக்கும். இப்போது ரோட்டுக் காற்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் பி.எம்.2.5 என்கிற நுண்துகள் இருக்கிறது. தலைமுடியின் தடிமனில் இருபத்தைந்தில் ஒரு பங்குகூட இருக்காது. மூக்கின் மயிர், சளி இரண்டுக்கும் டிமிக்கி கொடுத்துவிட்டு அடி நுரையீரல்வரை போகும். டீசல் வண்டியிலிருந்து நைட்ரஜன் டை ஆக்சைடு வருகிறது. அது தண்ணீரில் லேசில் கரையாது, அதனால் தொண்டையிலேயே நிற்காமல் உள்ளே இறங்கும். அதுவே வெயிலில் வெந்து ஓசோன் உருவாகவும் வழி செய்யும். நிலக்கரி, கந்தகமுள்ள எண்ணெய் எரிகிற இடங்களில் சல்ஃபர் டை ஆக்சைடு சேரும். ஆஸ்துமாக்காரர் ஓடியாடிக்கொண்டிருக்கும்போது அதைச் சுவாசித்தால் சில நிமிடங்களிலேயே குழாய் சுருங்கும். மணலி, எண்ணூர்ப் பக்கம் இருப்பவர்களுக்கு அந்த நெடி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

முதல் கேள்விக்கு வருகிறேன். இதற்கு எனக்குப் பிடித்த ஆய்வு லண்டனில் நடந்தது, 2007-ல் வெளிவந்தது. லேசான அல்லது நடுத்தர ஆஸ்துமா உள்ள அறுபது பெரியவர்களை ஒரு நாள் ஆக்ஸ்ஃபோர்டு தெருவில் இரண்டு மணி நேரம் நடக்கவிட்டார்கள். அந்தத் தெருவில் அப்போது பஸ்ஸும் டாக்ஸியும் மட்டும்தான், அதாவது கிட்டத்தட்ட எல்லாமே டீசல். இன்னொரு நாள் அதே ஆட்களை, அதே நேரம், பக்கத்திலேயே இருக்கும் ஹைடு பார்க்கில் நடக்கவிட்டார்கள். தெருவில் நடந்த அன்று ஊதும் திறன் அதிகபட்சம் 6 சதவீதம்வரை குறைந்தது; சளியைச் சோதித்தபோது அழற்சியின் அடையாளங்கள் கூடியிருந்தன. ஆட்கள் அதே ஆட்கள், நடை அதே நடை. மாறியது காற்று மட்டும். ஆறு சதவீதம் என்பது அவர்களுக்குப் பெரிதாகத் தெரிந்திருக்காது. ஏற்கெனவே பாதி அடைத்த குழாயோடு ஸ்கூல் விட்டு வரும் குழந்தைக்கு அது வேறு கணக்கு.

அதே லண்டனில் எல்லா அடூ கிஸ்ஸி டெப்ரா என்ற சிறுமி 2013 பிப்ரவரியில் ஒன்பது வயதில் ஆஸ்துமாவால் இறந்தாள். சவுத் சர்க்குலர் என்ற நெரிசலான ரோட்டுக்கு மிக அருகில் வீடு. இறப்பதற்கு முந்தைய மூன்று வருடத்துக்குள் கிட்டத்தட்ட முப்பது முறை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். அவளுடைய தாய் விடாமல் போராடினார். முதல் விசாரணையின் முடிவு ரத்தாகி, மறுவிசாரணை நடந்து, 2020 டிசம்பரில்தான் காற்று மாசும் மரணத்துக்குக் காரணம் என்று பதிவானது. பிரிட்டனில் அப்படிப் பதிவானது அதுதான் முதல் தடவை. ஒரு குழந்தையின் இறப்புக்கும் ஒரு ரோட்டுக்கும் முடிச்சுப் போட ஏழு வருடம் ஆகியிருக்கிறது என்பதைக் கவனியுங்கள். கூட்டமாகப் பார்க்கும்போது பளிச்சென்று தெரியும் உண்மை, தனி ஒருவரிடம் வரும்போது நிரூபிக்க அவ்வளவு கடினம்.

ஆனால் இந்த முதல் கேள்வியிலும் எல்லா ஆய்வையும் அப்படியே விழுங்கிவிடக் கூடாது. 1996-ல் அட்லாண்டாவில் ஒலிம்பிக் நடந்தபோது நகருக்குள் கார் போக்குவரத்தைக் குறைத்தார்கள். அந்தப் பதினேழு நாளில் ஓசோன் குறைந்தது. ஆஸ்துமாவுக்காக அவசர சிகிச்சைக்கு வந்த குழந்தைகள் ஒரு கணக்கின்படி சுமார் 40 சதவீதம் குறைந்தார்கள். பல வருடம் நானே இதை மாணவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். பிறகு அதே காலத்தை இன்னும் நிதானமாக அலசியவர்கள், கார் குறைக்காத பக்கத்து ஊர்களிலும் அப்போது ஓசோன் குறைந்திருந்ததைக் கண்டார்கள். வருடந்தோறும் அந்தக் கோடையில் வரும் சரிவைக் கழித்துப் பார்த்தால் ஆஸ்பத்திரிக் கூட்டம் தனியாகக் குறைந்ததாகச் சொல்ல முடியவில்லை. நம் ஊரில் 2020 ஊரடங்கும் இதே கதைதான். வானம் நீலமாக இருந்தது, வீசிங் குழந்தைகள் வரத்து குறைந்தது, நாங்கள் எல்லோரும் "பார்த்தீர்களா, காற்று!" என்றோம். பள்ளிக்கூடமும் பூட்டித்தான் இருந்தது, சளிக் காய்ச்சலும் பரவவில்லை என்பதை வசதியாக மறந்துவிட்டோம்.

சளிக் காய்ச்சல் என்று சொன்னேன் இல்லையா, அதை இங்கேயே முடித்துவிடுகிறேன். பள்ளி வயதுக் குழந்தைகளுக்கு வரும் ஆஸ்துமா தாக்குதலில் பெரும்பாலானவற்றுக்குப் பின்னால் சாதாரணச் சளி வைரஸ்தான் இருக்கிறது. மாசு பல நேரம் அந்த வைரஸுக்குக் கூட்டாளி. இங்கிலாந்தில் சவுதாம்ப்டன் பக்கம் நூற்றுச் சொச்சம் ஆஸ்துமாக் குழந்தைகளின் உடம்பில் அளவுக் கருவி மாட்டி ஏறக்குறைய ஒரு வருடம் தொடர்ந்தார்கள். சளி பிடிப்பதற்கு முந்தைய வாரத்தில் நைட்ரஜன் டை ஆக்சைடை அதிகம் சுவாசித்திருந்த குழந்தைக்கு அதே சளி இன்னும் கடுமையான இழுப்பாக மாறியது. அதனால் "அன்னைக்குப் புகையே இல்லையே, ஏன் வந்தது" என்று அன்றைய தேதியை மட்டும் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

இரண்டாவது கேள்வி: மாசு புதிதாக ஆஸ்துமாவை உண்டாக்குமா? நான் படித்த காலத்தில் "தூண்டும், உண்டாக்காது" என்றுதான் சொல்லிக்கொடுத்தார்கள். அந்த வரி இப்போது நிற்கவில்லை. பாஸ்டனில் ஹெல்த் எஃபெக்ட்ஸ் இன்ஸ்டிடியூட் என்று ஒன்று இருக்கிறது. அமெரிக்க அரசின் சுற்றுச்சூழல் அமைப்பும் வாகனத் தயாரிப்பாளர்களும் சேர்ந்து பணம் போட்டு நடத்துவது. ஆகவே இரண்டு பக்கமும் முறைத்துப் பார்த்துக்கொண்டிருக்கும். 2010-ல் அவர்கள் போக்குவரத்துப் புகை ஆஸ்துமாவை மோசமாக்குவதற்குச் சான்று போதும் என்றார்கள், புதிதாக உண்டாக்குவதில் கொஞ்சம் இழுத்தார்கள். 2022-ல் மறுபடி எல்லா ஆய்வையும் கூட்டிப் பார்த்தபோது புதிதாக உண்டாக்குவதிலும் அவர்களுடைய நம்பிக்கை கூடியிருந்தது.

எனக்கே மனசு மாறியது தெற்குக் கலிஃபோர்னியாவின் குழந்தைகள் ஆய்வைப் படித்த பிறகு. 1993-ல் தொடங்கினார்கள். ஒரு தலைமுறைக் குழந்தைகள் வளர்ந்ததும் அதே ஊர்களில் அடுத்த தலைமுறையைச் சேர்த்தார்கள். இடைப்பட்ட காலத்தில் சட்டங்கள் இறுகி, அங்கே காற்று சுத்தமாகிக்கொண்டே வந்தது. நைட்ரஜன் டை ஆக்சைடு குறையக் குறைய, புதிதாக ஆஸ்துமா வரும் குழந்தைகளும் சுமார் 20 சதவீதம் குறைந்தார்கள் என்று 2019-ல் எழுதினார்கள். மாசு கூடினால் நோய் கூடுகிறது என்று காட்டுவது எளிது. ஏழை வீடு, நெரிசல், பீடி என்று வேறு நூறு காரணம் அதில் ஒளிந்திருக்கலாம். மாசைக் குறைத்தபோது நோயும் குறைந்தது என்றால் தட்டிக்கழிக்க முடிவதில்லை.

உலகம் முழுவதும் வருடத்துக்கு சுமார் 40 லட்சம் குழந்தைகளுக்குப் புதிதாக வரும் ஆஸ்துமாவை நைட்ரஜன் டை ஆக்சைடு கணக்கில் எழுதலாம் என்று அதே 2019-ல் இன்னொரு மதிப்பீடு வந்தது. மொத்தப் புது ஆஸ்துமாவில் அது 13 சதவீதம். இந்த எண்ணை உங்கள் கணவரிடம் காட்டினால் "நான் சொன்னேன்ல" என்பார். மாமியாரிடம் காட்டினால் "மிச்சம் 87 எங்கே போச்சு" என்று கேட்பார். இரண்டு பேருமே சரி. தாத்தாவின் இழுப்பு பேரனுக்கு அப்படியே வருவதில்லை. சீக்கிரம் கோபப்படும் ஒரு மூச்சுக்குழாய்தான் வருகிறது. புகையின் விஷத்தை முறிக்கும் சில நொதிகளுக்கான மரபணு கணிசமான மக்களிடம் பிறவியிலேயே இருப்பதில்லை. அப்படிப்பட்டவர்களிடம் அதே புகை கூடுதலாக வேலை செய்கிறது. மரபணுவா காற்றா என்று வீட்டில் சண்டை போடுவது, தீப்பெட்டியா தீக்குச்சியா என்று சண்டை போடுவது மாதிரி. உங்கள் பையனுக்கு இதில் எது எவ்வளவு பங்கு என்று பிரித்துச் சொல்லும் பரிசோதனை எதுவும் இன்றைக்குக் கிடையாது. சொல்கிறேன் என்று யாராவது பேக்கேஜ் விற்றால் பர்ஸைத் திறக்காதீர்கள்.

இனி மூன்றாவது, அலர்ஜி. ஆய்வகத்தில் பார்த்தால் விஷயம் தெளிவு மாதிரிதான் இருக்கும். தொண்ணூறுகளின் கடைசியில் லாஸ் ஏஞ்சல்ஸில் ஒரு வேடிக்கையான சோதனை செய்தார்கள். கடல் நத்தை வகை ஒன்றின் புரதத்தை எடுத்தார்கள், மனித மூக்கு அதுவரை சந்தித்தே இராத பொருள். அதை மட்டும் மூக்கில் விட்டபோது உடம்பு சாதாரணமாக எதிர்ப்புப் புரதம் தயாரித்தது, அலர்ஜிக்கான ஐ.ஜி.ஈ. வரவில்லை. டீசல் கரித்துகளையும் சேர்த்து விட்டபோது பதினைந்து பேரில் ஒன்பது பேருக்கு அந்த நத்தைப் புரதத்துக்கு ஐ.ஜி.ஈ. உருவாகிவிட்டது. அதாவது புதிதாக ஓர் அலர்ஜியே. சாதுவாகப் போய்க்கொண்டிருந்த ஒரு பொருளை டீசல் கைகாட்டி "இவன் எதிரி" என்று சொல்லிக்கொடுக்கிறது. ஜப்பானில் நிக்கோ பக்கம் சாலையோரம் தேவதாரு போன்ற பெருமரங்கள் வரிசையாக நிற்கும். அந்த மரத்தின் மகரந்த அலர்ஜி, வண்டி அதிகம் போகிற சாலையோரத்தில் இருந்தவர்களுக்கே அதிகம். அதே மரங்கள் அடர்ந்த, வண்டி போகாத காட்டுப்பகுதிக்காரர்களுக்குக் குறைவு என்று 1980-களிலேயே எழுதியிருக்கிறார்கள்.

இதையெல்லாம் படித்துவிட்டு ஜெர்மனிக்குப் போனால் தலை சுற்றும். 1989-ல் பெர்லின் சுவர் விழுந்தது. கிழக்கே லைப்சிக் நகரம் பழுப்பு நிலக்கரிப் புகையில் மூழ்கிக் கிடந்தது. மேற்கே மியூனிக் ஒப்பீட்டளவில் சுத்தம். ஒரே இனம், ஒரே மொழி, நாற்பது வருடம் வேறு வேறு காற்று. எரிக்கா ஃபோன் முட்டியுஸ் என்ற குழந்தை மருத்துவர் இரண்டு பக்கத்துக் குழந்தைகளையும் ஒப்பிட்டார். லைப்சிக் குழந்தைகளுக்குத்தான் ஆஸ்துமாவும் அலர்ஜியும் கொட்டிக்கிடக்கும் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். நெஞ்சுச்சளியும் இருமலும் அங்கே அதிகமாகத்தான் இருந்தன. ஆனால் அலர்ஜி, மேற்கில் இருந்ததில் ஏறக்குறைய பாதிதான். ஆஸ்துமாவும் மேற்கில்தான் கூடுதல். சுவர் விழுந்த பிறகு கிழக்கில் நிலக்கரிப் புகை குறைந்தது. மகரந்த அலர்ஜி ஏறியது. இதே தொண்ணூறுகளில் ஐசக் என்ற பெயரில் பல நாட்டுக் குழந்தைகளை ஒப்பிட்ட பெரும் ஆய்விலும் முன்வரிசையில் நின்றவை பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து. சீனாவும் இந்தியாவும் பின்வரிசையில்.

இதிலிருந்து "புகை நல்லது" என்று யாரும் முடிவு கட்டவில்லை. நிலக்கரிப் புகையும் டீசல் புகையும் ஒன்றல்ல என்பது ஒரு பாடம். இன்னொன்று, அலர்ஜியைத் தீர்மானிப்பது காற்று மட்டும் இல்லை என்பது. கிழக்கில் குழந்தைகள் சின்ன வயதிலேயே காப்பகத்துக்குப் போய்க் கூட்டத்தோடு வளர்ந்தார்கள், எல்லாக் கிருமியையும் சீக்கிரமே சந்தித்தார்கள். அந்த அம்மையாரே பிறகு ஆல்ப்ஸ் மலைப் பக்கத்துப் பண்ணை வீடுகளுக்குப் போனார். மாட்டுத் தொழுவத்தில் தவழ்ந்து, சாணி வாசத்தில் வளரும் குழந்தைகளுக்கு ஆஸ்துமாவும் அலர்ஜியும் குறைவு என்பது அங்கே தெளிவாகத் தெரிந்தது. ஆனால் கர்ப்பத்திலும் முதல் ஓரிரு வருடத்திலும் கிடைக்கும் தொழுவ வாசத்துக்குத்தான் இந்தப் பலன் பெரும்பாலும். ஏழு வயதில் ஊருக்குக் கூட்டிப்போய் மாட்டுக்கொட்டகையில் நிறுத்தினால் ஏற்கெனவே வந்துவிட்ட தூசுப்பூச்சி அலர்ஜி அழிந்துவிடும் என்று காட்டிய ஆய்வு கிடையாது. வைக்கோல் தூசியில் இழுப்பு வந்தாலும் வரலாம். உங்கள் பையன் முதல் நாலு வருடம் ஊரில்தானே வளர்ந்தான்? அந்த வாய்ப்பை நீங்கள் அவனுக்குக் கொடுத்துவிட்டுத்தான் வந்திருக்கிறீர்கள்.

சென்னைக்கு வந்தபோது மாறியது ரோட்டுப் புகை மட்டுமா என்று ஒருமுறை யோசித்துப் பாருங்கள். ஓட்டு வீட்டுத் திண்ணையிலோ கயிற்றுக் கட்டிலிலோ படுத்தவன் இப்போது கெட்டி மெத்தையில், ஜன்னல் சாத்திய அறையில் படுக்கிறான். கடலோரத்து ஈரக்காற்றும் மெத்தையும் சேர்ந்தால் தூசுப்பூச்சிக்குக் கல்யாண வீடு. சாக்கடைக் குழாய் வழியாகக் கரப்பான். பள்ளிக்கூடம் சேர்ந்ததால் மாதத்துக்கு ஒரு சளி. பல குழந்தைகளுக்கு வீசிங் தலைகாட்டும் வயதும் அதுவேதான். அதனால் "இங்கே வந்தபிறகு வந்தது" என்பது உண்மை. "இங்கே வந்ததால் வந்தது" என்று அடித்துச் சொல்ல அது போதாது.

இன்னும் ஒன்று. வீட்டுக்குள் வந்தால் நான் முதலில் கட்டிலுக்கு அடியில்தான் பார்ப்பேன். சில வருடத்துக்கு முன் ஒரு தாய், மகளின் வீசிங்குக்காக வீட்டையே புரட்டிப் போட்டிருந்தார். மெத்தைக்கு உறை, பொம்மைகள் அட்டைப்பெட்டிக்குள், ரோட்டுப் பக்க ஜன்னலுக்கு டேப். "ராத்திரி ரெண்டு மணிக்குத்தான் சார் ஆரம்பிக்குது" என்றார். கொசுவுக்கு என்ன செய்கிறீர்கள் என்று கேட்டேன். "சுருள்தான் சார், கட்டிலுக்கு அடியில வெச்சிடுவேன், குழந்தை கைக்கு எட்டாம." ஒரு கொசுவத்திச் சுருள் முழுக்க எரிந்தால் வெளியே வரும் நுண்துகள், 75 முதல் 137 சிகரெட் எரிவதற்குச் சமம் என்று 2003-ல் அளந்து எழுதியிருக்கிறார்கள். ஜன்னலை டேப் போட்டு ஒட்டிய அறையில் அது! ரோட்டுக் காற்றைக் குறைசொல்லும் தகுதி அந்த அறைக்கு இல்லை. கொசுவலை கட்டச் சொன்னேன். சாம்பிராணி, ஊதுபத்தி, கம்ப்யூட்டர் சாம்பிராணி எல்லாம் இதே கணக்குதான். சாமி கோபித்துக்கொள்ளாது, விளக்கு மட்டும் ஏற்றுங்கள்.

ஊர்க் காற்று சுத்தம் என்ற நினைப்பையும் கொஞ்சம் உரசிப் பார்க்க வேண்டும். விறகடுப்பு எரியும் சமையலறையில் இருக்கும் நுண்துகள் சென்னை ரோட்டோரத்தைத் தூக்கிச் சாப்பிட்டுவிடும். சீமைக்கருவேலத்தின் மகரந்தம் தென் மாவட்டங்களில் தெரிந்த அலர்ஜிக் காரணம். நெல் அறவை மில்லின் உமித் தூசி, குப்பையோடு சேர்ந்து எரியும் பிளாஸ்டிக், செங்கல் சூளை எல்லாம் ஊரிலும் உண்டு. தானியத் தூசியை லேசாக எண்ண வேண்டாம். 1980-களில் பார்சிலோனாவில் சில நாட்களில் மட்டும் திடீர் திடீரென்று ஆஸ்துமாக்காரர்கள் கூட்டமாக ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். தேடிப் பார்த்தபோது அவையெல்லாம் துறைமுகத்தில் சோயா மொச்சை இறக்கிய நாட்கள். சேமிப்புக் கிடங்குக்கு வடிகட்டி போட்ட பிறகு நின்றது.

விறகை விட்டுக் காஸுக்கு மாறினால் எல்லாம் சரியாகிவிடுமா என்பதிலும் எங்களுக்கு ஒரு குட்டு விழுந்திருக்கிறது. இந்தியா உட்பட நாலு நாடுகளில் 3,200 கர்ப்பிணிகளை வைத்து ஒரு சோதனை நடந்தது. இங்கே அதை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தார் விழுப்புரம், நாகப்பட்டினம் மாவட்டங்களில் நடத்தினார்கள். பாதிப் பேருக்கு காஸ் அடுப்பும் சிலிண்டரும் இலவசம். புகை மூன்றில் ஒரு பங்காக இறங்கியது. ஆனால் குழந்தையின் பிறந்த எடையிலும், முதல் வருடத்துக் கடுமையான நிமோனியாவிலும் எதிர்பார்த்த மாற்றம் வரவில்லை. இது ஆஸ்துமா பற்றிய சோதனை இல்லை. புகையைக் குறைத்த மறுநாளே நோய் குறையும் என்று வாக்குக் கொடுக்கும்போது என் நாக்கு கொஞ்சம் தயங்குவதற்குக் காரணம் இதுதான். அதற்காக யாரும் விறகுக்குத் திரும்ப வேண்டாம். அம்மாவின் கண்ணுக்கும் நெஞ்சுக்கும் காஸ் நல்லதுதான்.

சரி, என்ன செய்வது? எல்லாவற்றுக்கும் முன்னால் இன்ஹேலர். உலக ஆஸ்துமாவில் சுமார் 13 சதவீதம் இந்தியாவில். ஆஸ்துமா மரணத்தில் 40 சதவீதத்துக்கு மேல் இந்தியாவில். இந்த இடைவெளிக்குக் காற்று மட்டும் காரணமாக இருக்க முடியாது. தினமும் எடுக்க வேண்டிய ஸ்டீராய்டு இன்ஹேலரைத் தராமல், அல்லது தந்தும் எடுக்காமல், இழுக்கும்போது மட்டும் நெபுலைசர் வைத்துக்கொண்டு காலத்தை ஓட்டுகிறோம். நம் ஊரில் வீசிங் குழந்தைக்கு 'பிரைமரி காம்ப்ளெக்ஸ்' என்று பெயர் சூட்டி ஆறு மாதம் காசநோய் மாத்திரை கொடுத்த கதைகள் எத்தனையோ பார்த்துவிட்டேன். "இன்ஹேலர் போட்டா பழகிடும்" என்ற பயம் இன்னொரு பக்கம். மருந்துக்கு அடிமையாவதில்லை, நோய் நாள்பட்டது, அதனால் மருந்தும் நாள்படுகிறது. ஸ்டீராய்டு இன்ஹேலர் அந்த உள்தோலின் கோபத்தை அடக்கி வைக்கிறது. அடங்கியிருக்கும் குழாய் அதே ரோட்டுப் புகையைப் பெரும்பாலும் தாங்கிக்கொள்கிறது.

எடுக்கும் முறையை ஒருமுறை சரிபாருங்கள். ஸ்பேசர் (இன்ஹேலரோடு மாட்டுகிற பிளாஸ்டிக் குடுவை) இல்லாமல் ஏழு வயதுக் குழந்தைக்கு நேராக வாயில் அடித்தால் பாதிக்கு மேல் நாக்கிலும் தொண்டையிலும் அப்பிக்கொள்ளும். குலுக்கி, ஸ்பேசரில் மாட்டி, வாயை இறுக்கமாக வைத்து, ஒரு பஃப் அடித்து, நிதானமாக ஐந்தாறு மூச்சு. இரண்டாவது பஃப் தனியாக. முடிந்ததும் வாய் கொப்பளிக்க வேண்டும். ஸ்பேசரைக் கழுவித் துணியால் துடைக்கக் கூடாது. அப்படியே காய விடுங்கள், துடைத்தால் மின்னூட்டம் ஏறி மருந்து சுவரில் ஒட்டும்.

பிறகு வீடு. பையன் தூங்கும் இடத்தை ரோட்டுக்கு எதிர்ப்பக்க அறைக்கு மாற்ற முடியுமா பாருங்கள். வண்டிப் புகை ரோட்டிலிருந்து சில நூறு மீட்டருக்குள் வெகுவாகக் குறைந்துவிடும். அடுத்த வாடகை வீடு தேடும்போது ஊர் மாறுவதற்குப் பதில் இரண்டு தெரு உள்ளே தள்ளிப் போவதே போதுமானதாக இருக்கலாம். தலையணை உறை, விரிப்பை வாரம் ஒருமுறை வெந்நீரில் அலசி வெயிலில் காயப் போடுங்கள். போகி அன்று விடியற்காலையும் தீபாவளி இரவும் ஜன்னலைச் சாத்துங்கள்; மற்ற நாளில் ரோடு அடங்கியிருக்கும் நேரம் திறந்து வையுங்கள், சமையல் நேரத்தில் கட்டாயம். காற்றுச் சுத்திகரிப்பு இயந்திரம் துகளைப் பிடிக்கும், சாதாரண மாடல்கள் நைட்ரஜன் டை ஆக்சைடைப் பிடிக்காது; குழந்தைகளின் ஆஸ்துமாவில் அதன் பலனைப் பார்த்த ஆய்வுகள் கலவையாகத்தான் இருக்கின்றன. கடன் வாங்கி வாங்க வேண்டிய பொருள் இல்லை. போனில் காட்டும் காற்றுத் தர எண், ஆலந்தூரிலோ வேளச்சேரியிலோ ஒரு கருவி அளந்தது, 24 மணி நேரச் சராசரி; உங்கள் பால்கனியில் என்ன இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. 'நல்லது' என்று நம் நாட்டுப் பட்டியல் பச்சை காட்டும் 30 மைக்ரோகிராம் நுண்துகள், உலக சுகாதார நிறுவனம் 2021-ல் சொன்ன ஒரு நாள் அளவான 15-க்கு இரட்டிப்பு.

ஊருக்குத் திரும்புவதா என்ற கேள்விக்கு என் பதில்: ஆஸ்துமாவுக்காக மட்டும் என்றால் வேண்டாம். முறையாக மருந்து எடுத்து, வீட்டுப் புகையை நிறுத்தி, ஆறு மாதம் பார்த்த பிறகும் மாதாமாதம் ஆஸ்பத்திரி வாசல் என்றால் அப்போது பேசலாம். "போன மே மாசம் ஊருக்குப் போனப்ப நல்லாத்தானே இருந்தான்" என்று வீட்டில் சொல்வார்கள். மே மாதத்தில் பள்ளிக்கூடமும் இல்லை, சளியும் குறைவு. சென்னையிலேயே இருந்திருந்தாலும் நன்றாக இருந்திருக்கக் கூடும். உண்மையாகவே தெரிந்துகொள்ள ஆசை என்றால் மருந்துக்கடையில் பீக் ஃப்ளோ மீட்டர் என்று ஒரு பிளாஸ்டிக் குழாய் கிடைக்கும். காலையும் மாலையும் மூன்று மூன்று தடவை ஊதச் சொல்லி, அதிகபட்ச எண்ணை ஒரு நோட்டில் எழுதுங்கள். லீவுக்கு முந்தைய இரண்டு வாரம் இங்கே, பிறகு இரண்டு வாரம் அங்கே, மருந்தை ஒரு வேளைகூட நிறுத்தாமல். ஒரு லீவோடு முடிவு கட்டாமல் கால் பரீட்சை லீவிலும் ஒருமுறை செய்து அந்த நோட்டை உங்கள் டாக்டரிடம் காட்டுங்கள். ஊதுவதை மட்டும் பாட்டி வீட்டு அடுப்படியில் உட்கார்ந்து செய்ய வேண்டாம் என்று பையனிடம் சொல்லி வையுங்கள்.